சர்பத் மேசைக்குப் பின்னால்

ஆரணியில் சித்திரை, வைகாசியில் எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷம் நடந்தாலும் சர்பத் பொறுப்பு என்னுடையது. பத்திரிகை அடிக்கக் கொடுக்கும்போதே சொல்லிவிடுவார்கள். நானும் மறுத்ததில்லை. "ஆபீஸ் வேலை பாக்குறவன், எவ்ளோ பொறுமையா நின்னு ஊத்துறான் பாரு" என்று அத்தைமார்கள் மெச்சும்போது கூச்சத்தோடு சிரித்துவைப்பேன். அந்தக் கூச்சத்துக்கும் அடக்கத்துக்கும் சம்பந்தமில்லை. மேசைக்குப் பின்னால் டம்ளரும் கையுமாக நிற்பவனை இழுத்துவைத்து யாரும் பேச முடியாது. அதற்காகத்தான் அந்த வேலையை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பேச்சு என்றால் எங்கள் ஊரில் தறிப் பேச்சுதான். "சாப்டாச்சா" கேட்டு முடித்ததும் அடுத்த கேள்வி "தறியில இன்னா ஓடுது". என்ன பாவு, எந்த முதலாளி, ஜரிகை அசலா, கூலி ஏறிச்சா என்று அது நீண்டுகொண்டே போகும். கமண்டல நாகநதி ஓரத்து ஆரணிக்கு அரிசியும் பட்டும்தான் பெயர். புவிசார் குறியீடு வாங்கிய பட்டு. ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என்று சுற்றுப்பட்டு ஊர்களிலும் தறிச் சத்தம் உண்டு. இங்கே நெய்த சேலை காஞ்சிபுரத்துக் கடைகளுக்கும் போகும். என் அப்பா குழித்தறியில் கூலிக்கு நெய்தவர். அவர் போன பிறகு, புட்டா போடுகிற ஜக்கார்டு பெட்டியோடு தறி அப்படியே நின்றுவிட்டது. "தறிய இன்னா பண்ணப் போற?" என்று கேட்கிறவர்களிடம், "ரிட்டயர் ஆனதும் வந்து குந்தப் போறேன்" என்று சொல்லிவந்தேன். பச்சைப் பொய். எனக்கு நெய்யத் தெரியாது. சின்ன வயதில் குச்சியில் நூலேற்றித் தார் சுற்றியிருக்கிறேன், அவ்வளவுதான். அறுந்த இழையைச் சேர்த்துத் திரிக்கக்கூட என் விரலுக்கு வராது.

சர்பத் வந்தது ஆயாவிடமிருந்து. தறிக்கூடத்தில் மின்விசிறி ஓடாது. கத்திரி வெயிலில் வேலூர்ப் பக்கம் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அந்தக் காற்றில் ஈரம் போனால் பட்டிழை முறுக்கிக்கொண்டு படக் படக்கென்று அறும். அதனால் மண்தரையில் தண்ணீர் தெளிப்பார்கள், நனைந்த கோணியை ஜன்னலில் தொங்கவிடுவார்கள். இழை பிழைத்துக்கொள்ளும். குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருக்கும் மனுஷன் வேர்வையில் ஊறிக் கிடப்பார். மதியம் மூன்று மணிவாக்கில் ஆயா நன்னாரிப் பாகில் எலுமிச்சை பிழிந்து, பானைத் தண்ணீர் ஊற்றி, சொம்போடு திண்ணையில் வைப்பாள். திண்ணையில்தான். தறிக்கூடத்துக்குள் இனிப்பு போகக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். சர்க்கரை ஒட்டிய விரல் பட்டில் பட்டால் இழை பிசுபிசுத்து அடுத்த இழையோடு சேரும், எறும்பு வரும், வெள்ளை முந்தானையில் ஒரு சொட்டு விழுந்தால் அந்த மாசக் கூலியே போயிற்று. அப்பா எழுந்து வந்து குடித்து, கையை அலம்பி, துடைத்து, முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் மறுபடி உட்காருவார்.

புளிப்பு பட்டுக்குப் பகை என்று நினைத்துவிடாதீர்கள். கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு பசை. சோப்பும் சோடா உப்பும் போட்டுக் காய்ச்சி அந்தப் பசையை எடுப்பார்கள். சாயம் ஏற்றியபின் லேசான அமிலத் தண்ணீரில் அலசினால்தான் கசக்கும்போது பட்டு சரசரக்கும். கல்யாணச் சேலையின் அந்தச் சத்தத்தில் புளிப்புக்கும் பங்கு உண்டு. கெடுப்பது சர்க்கரைதான்.

ஆயாவின் சர்பத்தில் நுரை கிடையாது. அது ஒரு வீட்டுக்கான பானம். ஐம்பது பேர் வந்து நிற்கும் மஞ்சள் நீராட்டுக்கு அதையே அண்டாவில் கரைத்து வைத்தால் அரைமணி நேரத்தில் வெந்நீர் மாதிரி ஆகிவிடும். சோடா சேர்த்தது என் கைங்கரியம். அதிலும் பெரிய புதுமை ஒன்றும் இல்லை. நம் பெட்டிக்கடைகளில் எலுமிச்சை சோடாவும் நன்னாரி சர்பத்தும் பக்கத்துப் பக்கத்தில் தலைமுறையாக இருக்கின்றன. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் இந்த நாட்டில் சாராயம், எலுமிச்சை, சர்க்கரை, தண்ணீர், வாசனைச் சரக்கு என்று கலந்து குடிக்கக் கற்றுக்கொண்டு போய்த் தங்கள் ஊர் விருந்துகளில் பெரிய கிண்ணத்தில் பரப்பினார்கள். சாராயத்தை எடுத்துவிட்டு சோடாவை ஊற்றினால் நம் பந்தலுக்கு ஆகிவிடுகிறது.

செய்முறை பலரும் கேட்பதால் எழுதிவிடுகிறேன். டம்ளருக்கு 200 மில்லி என்று ஐம்பது டம்ளருக்குக் கணக்கு.

எலுமிச்சையின் புளிப்பு சாற்றில் இருக்கிறது, மணம் தோலில் இருக்கிறது. பெரும்பாலோர் தோலைக் குப்பையில் போட்டுவிட்டு எசன்ஸ் பாட்டிலைத் தேடுகிறார்கள். ஒன்றேகால் கிலோ சர்க்கரையை ஒரு எவர்சில்வர் தவலையில் கொட்டி, பத்துப் பதினைந்து எலுமிச்சையின் மேல்தோலை மட்டும் துருவிப் போடுங்கள். வெள்ளைப் பகுதி வந்தால் கசக்கும். நார்த்தம்பழம் ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். அதன் தோல் தடிப்பு, துருவச் சுலபம், வாசனை தெருக்கோடி வரை போகும். கையாலேயே கசக்கி மூடி வைத்தால் ஒரு மணி நேரத்தில் சர்க்கரை தோலின் எண்ணெயைக் குடித்து ஈரமணலாகப் பொதபொதத்துவிடும். தறி நெய்கிற கையாக இருந்தால் இந்த வேலையைச் செய்யவேண்டாம். விரலில் எண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்து ஏறிக்கொள்ளும். எங்கள் குடும்பத்தில் இதற்குத் தோதான விரல் என்னுடையது மட்டும்தான் என்பதை அப்போதே யாராவது கவனித்திருக்கலாம்.

நன்னாரியை நாட்டு மருந்துக் கடையில் வேராக வாங்குங்கள். 100 கிராம் போதும். அலசி, இடித்து, நடுவிலிருக்கும் குச்சியைத் தள்ளிவிட்டு, ஒன்றேகால் லிட்டர் கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி அதில் போட்டு இரவு முழுக்க மூடி வையுங்கள். வேரைப் போட்டுக் கொதிக்கவிடுகிறவர்கள் உண்டு. தெருவெல்லாம் மணக்கும், டம்ளரில் மணக்காது. நன்னாரியின் மணப்பொருள் ஆவியோடு ஓடிப்போகிற ஜாதி. வெனிலா வாசனை தரும் வெனிலினில் எந்தெந்த அணு எத்தனை உண்டோ, அதே எண்ணிக்கைதான் இதிலும். அடுக்கு மட்டும் வேறு. காலையில் வடிகட்டி, வெதுவெதுப்பாக்கி, தோல்சர்க்கரையில் ஊற்றிக் கரைத்துத் துணியில் வடித்தால் ஏறக்குறைய இரண்டு லிட்டர் பாகு.

எலுமிச்சைச் சாறு ஒரு லிட்டர் வேண்டும். பழத்தைப் பொறுத்து 35இலிருந்து 50 வரை ஆகும். ஆந்திராவின் கூடூர்ப் பழமும் நம் புளியங்குடிப் பழமும் சாறு நிறையக் கொடுப்பவை. 2022 ஏப்ரலில் எலுமிச்சை கிலோ 200 ரூபாயைத் தாண்டிப் போனபோது ஒரு வளைகாப்புக்குப் புளிக்கரைசலில் சமாளிக்கச் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை, பழத்தைக் குறைத்து ஆளுக்கு அரை டம்ளராக ஊற்றினேன். பிழியும்போது விதை நசுங்கக்கூடாது. பழத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு, பலகையில் உள்ளங்கையால் உருட்டிவிட்டு நறுக்கினால் கஞ்சத்தனம் பண்ணாது.

அதோடு சாத்துக்குடிச் சாறு ஒரு லிட்டர். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். முந்தின ராத்திரியே பிழிந்து ஃப்ரிட்ஜில் வைத்துக் காலையில் எடுத்தால் வாயில் வைக்க முடியாத கசப்பு. பழம் கெட்டுவிட்டது என்று பழக்கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள். பழத்தில் குற்றமில்லை. சாத்துக்குடியைப் பிழிந்ததும் அதிலிருக்கும் ஒரு பொருள் புளிப்பில் ஊறி மெதுவாக லிமோனின் என்ற கசப்பாக மாறுகிறது. பிழிந்த நிமிஷம் இனிக்கும், சில மணி நேரம் போனால் கசக்கும். ஆகவே பந்தலில் நாயனம் ஆரம்பித்த பிறகு பிழியுங்கள். உப்பு இரண்டு தேக்கரண்டி. அது தெரியக்கூடாது, ஆனால் இல்லாவிட்டால் தெரியும்.

பாத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வாடகைக் கடை அலுமினிய அண்டாவும் ஈயம் பூசாத பித்தளையும் இதற்கு ஆகாது. புளிப்பு உலோகத்தைத் தின்று, குடிக்கிறவர் நாக்கில் கொண்டுவந்து வைக்கும். எவர்சில்வர் நல்லது. ஐஸை உள்ளே போடாமல் வெளியே போடுங்கள். பெரிய தொட்டியில் ஐஸை உடைத்துப் போட்டு, மேலே இரண்டு கை கல்லுப்பு தூவி, நடுவில் சர்பத் தவலையையும் சுற்றிலும் சோடா பாட்டில்களையும் இறக்கி, கோணியால் மூடிவிட வேண்டும். மீன் பெட்டிக்குப் போகிற ஐஸ்தான் மண்டபத்துக்கும் வருகிறது என்பது தெரிந்தபின் அதை டம்ளருக்குள் போட எனக்கு மனசு வந்ததில்லை.

சோடாவுக்குக் குளிர்ச்சி ரொம்ப முக்கியம். சாதாரண அழுத்தத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் 0 டிகிரியில் சுமார் 3.3 கிராம் கரியமில வாயுவைப் பிடித்துவைக்கும். 20 டிகிரியில் 1.7 கிராம்தான். 40 டிகிரியில், அதாவது எங்கள் ஊர் மே மாத மதியத்தில், ஒரு கிராம்கூட இல்லை. சூடான சோடாவைத் திறந்தால் சத்தம் பலமாக இருக்கும், டம்ளருக்கு ஒன்றும் மிஞ்சாது. லீட்ஸ் நகரத்து பிரீஸ்ட்லி 1767இல் பக்கத்து பீர் ஆலையின் தொட்டிக்கு மேல் தண்ணீரைப் பிடித்து, அதில் வாயுவைக் கரைக்கும் வித்தையை முதலில் கண்டார். ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872இல் குண்டு வைத்த பாட்டிலுக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த பாட்டில் அவர் நாட்டில் வழக்கொழிந்தும் நம் பேருந்து நிலையங்களில் உயிரோடு இருக்கிறது. விருதுநகரில் 1916இல் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க் மாதிரி நிலைத்தவை சில. சின்ன ஊர்க் கம்பெனிகள் பல 1990களில் கோக்கும் பெப்சியும் வந்தபின் காணாமல் போயின. 2017இல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு வணிகர் சங்கங்கள் அந்த இரண்டையும் விற்கமாட்டோம் என்று மார்ச் 1 முதல் நிறுத்தியபோது, கோலி சோடாவுக்கும் பன்னீர் சோடாவுக்கும் திரும்ப ஒரு மவுசு வந்தது. எனக்கு சோடா போடுகிறவர் அந்த அலையில்தான் தூசி தட்டி மெஷினை எடுத்தார். இரும்புச் சட்டத்தில் பாட்டிலைத் தலைகீழாகச் செருகி, வாயுவைத் திறந்து, கைப்பிடியைச் சுற்றுவார். நிமிர்த்தும்போது உள்ளழுத்தம் குண்டை மேலே தள்ளி ரப்பர் வளையத்தில் டக்கென்று அடைத்துவிடும். இதில் மூடியே கிடையாது. வாயுவே தன்னைப் பூட்டிக்கொள்கிறது.

சோடாவைத் தவலையில் கொட்டிக் கலக்கினால் கதை முடிந்தது. கரண்டி பட்ட இடமெல்லாம் வாயு பிரிந்து நுரைத்து, பத்து நிமிஷத்தில் வெறும் எலுமிச்சைத் தண்ணீர். எனவே டம்ளரில் ஒரு கரண்டி, 80 மில்லி, சர்பத்தை ஊற்றிக்கொண்டு, வாங்குகிறவர் எதிரில் வந்து நின்றபின் பாட்டிலைத் திறந்து, டம்ளரைச் சாய்த்து ஓரமாக 120 மில்லி சோடாவை இறக்க வேண்டும். இரண்டு பாட்டிலில் மூன்று டம்ளர். ஐம்பது பேருக்கு மூன்று டஜன் சொல்லிவைத்தால் சரியாக இருக்கும். கலக்க வேண்டாம், விழுகிற வேகத்திலேயே கலந்துவிடும். சப்ஜா விதை போடுகிறவர்கள் கடைசியில் மேலே தூவ வேண்டும். முதலிலேயே போட்டால் ஒவ்வொரு விதையும் வாயுவை உசுப்பிப் பொங்கவைக்கும்.

இங்கேதான் என் கணக்கு தப்பிற்று. ஒளிந்துகொள்ள ஒரு மேசை தேடினேன். ஆனால் முன்கூட்டி ஊற்றிவைக்க முடியாத பானம் இது. வருகிறவர் ஒவ்வொருவரும் என் எதிரில் வந்து நின்றாக வேண்டும், நான் அவர் டம்ளரைச் சாய்த்து ஊற்றி முடிக்கிறவரை நகர முடியாது. அந்த நேரம் ஒரு கேள்விக்குத் தாராளமாகப் போதும்.

தங்கச்சி மகளின் மஞ்சள் நீராட்டில் பெரியப்பா வந்து நின்றார். அப்பாவின் அண்ணன். எண்பதை நெருங்குகிறார், இன்னும் புட்டாவைத் தடவிப் பார்த்தே எந்த ஊர்க் கை என்று சொல்லக்கூடியவர். டம்ளரை வாங்காமல் கையைக் கட்டிக்கொண்டார்.

"இன்னா நைனா, தறி இன்னா ஆச்சு?"

"ரிட்டயர் ஆனதும்..."

"அத உட்று. நெய்யத் தெரியுமா உனக்கு?"

சோடா ஓரமாக இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் நாலு பேர் வரிசையில். "தெரியாது பெரிப்பா" என்றேன். ஏனோ அதோடு நிறுத்த முடியாமல், தார் சுற்றியதோடு சரி, அப்பாவிடம் கற்றுக்கொள்ள ஆசையும் இருந்ததில்லை, விற்றால் நீங்களெல்லாம் என்ன சொல்வீர்களோ என்றுதான் போட்டுவைத்திருக்கிறேன் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வரிசையில் நின்றவர்களும் கேட்டார்கள்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தார். "இத முன்னாடியே சொல்லி இருந்தீன்னா, அந்த ஜக்கார்டு பெட்டிய எம் மருமகன் எடுத்து ஓட்டியிருப்பான். கடன் வாங்கிப் புதுசு எடுத்தான் போன வருஷம். உன் அப்பன் பெட்டிய உன்கிட்ட கேக்க யாருக்கு வாய் வரும்? நீதான் வந்து குந்தப் போறேன் குந்தப் போறேன்னு இருந்தியே."

என் பொய்யால் யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் அத்தனை காலமும் நினைத்திருந்தேன். மற்றவர்கள் என்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, அந்தப் பெட்டி இல்லாமல் ஒருவர் வட்டி கட்டிக்கொண்டிருந்தது தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த மருமகனைக் கூப்பிட்டு வீட்டைத் திறந்து காட்டினேன். ஊசிகளில் பாதி துரு ஏறியிருந்தது. அச்சுப் பற்கள் இரண்டு இடத்தில் வளைந்திருந்தன. படைமரத்தைக் கரையான் விட்டுவைத்திருந்தது. எது ஆகும், எது ஆகாது என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, ஆகிறதை மட்டும் ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனார். விலை பேச வாயெடுத்தேன், அவர் காதில் வாங்கவில்லை. உதிரி உறுப்பாக இரண்டு தறியில் ஓடுகிறதாம்.

அதற்குப் பிறகும் சர்பத் வேலையை நான் விடவில்லை, விடச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை. ஒன்று மட்டும் சேர்த்திருக்கிறேன். நாள் முழுக்க உட்கார்ந்த வேலை என்பதால் எங்கள் ஜனத்தில் சர்க்கரை வியாதி ஜாஸ்தி. பெரியப்பாவுக்கும் உண்டு. அன்றைக்கு அந்த நினைப்பே இல்லாமல் அவருக்குப் பாகு ஊற்றிக் கொடுத்தேன், அவரும் சத்தமில்லாமல் குடித்துவிட்டார், பெரியம்மா அப்புறம் என்னைப் பிடித்துக்கொண்டார். இப்போது தனியாக ஒரு ஜக்: எலுமிச்சைச் சாறு, தட்டிய இஞ்சி, கசக்கிய புதினா, உப்பு. டம்ளருக்கு 20 மில்லி சாறு, மீதி சோடா. பாகு இல்லாததால் நுரை கம்மியாக, முள் மாதிரி சுருக்கென்று இருக்கும். சர்க்கரை இல்லாதவர்களும் இதையே கேட்டு வாங்குகிறார்கள், அதனால் சோடாக் கணக்கு எகிறிவிட்டது.

சோடாக்காரர் காலி பாட்டிலை எண்ணித்தான் திரும்ப வாங்குகிறார், உடைந்ததற்குக் காசு பிடித்துக்கொள்கிறார், கண்ணாடி பாட்டில் இப்போது லேசில் கிடைப்பதில்லை என்கிறார். பாட்டில்கள் உடைவது மண்டபத்துக்குப் பின்பக்கம், குண்டை எடுக்கப் பிள்ளைகள் சுவரில் அடிப்பதால். போன வைகாசியிலிருந்து தேங்காய், பழம் வாங்குகிற லிஸ்டில் கோலிக்குண்டு ரெண்டு பாக்கெட் என்றும் எழுதிவிடுகிறேன். மேசையோரம் ஒரு கிண்ணத்தில் போட்டுவைத்தால் பிள்ளைகள் அள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள், பாட்டில் பக்கம் வருவதில்லை.